பதினோராம் நிமிடத்துக் காம்போதி

என் வீட்டில் ஒற்றர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஐந்தே காலுக்குக் கண்டுபிடித்தேன். ஐந்தரைக்கெல்லாம் அவரைப் பிடித்தே தீருவதென்று சபதமும் எடுத்துவிட்டேன். பிடிக்கப் பதினொரு நாள் சென்றது. நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். என் மனுசி கமலேஸ்வரி, கால்வாசியே அதிகம் என்பாள்.

பெயர் வீரகத்தி. வயது அறுபத்தெட்டு. வடமராட்சியில் பிறந்தவன். குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இளவயதில் முள்ளியவளைப் பக்கம் வந்தேன். நான் வயல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். வயல் செய்தவள் மனுசி. நான் வரம்பில் குந்தியிருந்து நாதஸ்வரம் கேட்டேன். எவ்வளவு கேட்டேன் என்றால், ஒரு திருவிழாவில் செல்லக்கண்டர் மோகனம் வாசித்தபோது கோயில் ஆலமரத்து வௌவால்கள் இரை தேடப் போக மறந்து விடியும்வரை தலைகீழாகத் தொங்கியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வௌவால் பகலிலும் அப்படித்தான் தொங்கும் என்று மனுசி சொல்வாள். ரசனை இல்லாதவர்களிடம் இதையெல்லாம் சொல்லக்கூடாது.

என்னிடம் எட்டு கசெற் இருந்தன. எட்டும் செல்லக்கண்டர் வாசித்தவை. எட்டும் கோயில் வீதிகளில் பதிந்தவை. ஐந்து இடப்பெயர்வு கண்டவை. ஊரே காணி உறுதி, நகை, கோழி என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் இந்த எட்டையும் சால்வையில் முடிந்துகொண்டு ஓடினேன். மிச்சத்தையெல்லாம் மனுசி தூக்கினாள்.

சமாதானம் வந்து இரண்டாம் வருசம் அது. பாதை திறந்ததும் பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்குக் கச்சு முகம்மது திரும்பி வந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு வெளியேறிப் பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் இருந்தவர். பழைய அத்திவாரத்தின் மேல் தகரம் போட்டு மறுபடி கடை திறந்தார். வாளி, கயிறு, ஆணி, மண்வெட்டிப் பிடி. முந்தி கோயில் திருவிழாக்களில் கண்ணாடிக் காப்புக்கடை போடுவார். காப்பு விற்றபடியே மேளம் கேட்டு வளர்ந்த காது. நாங்கள் அவரைக் கச்சு நானா என்போம். குறைவாகக் கதைப்பார். அதிலேயே எனக்கு ஒரு சந்தேகம். குறைவாகக் கதைக்கிறவர் மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார்?

சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் கடையின் பின்பக்கம் இருந்து கசெற் போட்டுக் கேட்போம். இது சிறந்ததா அது சிறந்ததா என்று ஒப்பிடுவோம். அதாவது நான் ஒப்பிடுவேன், அவர் தலையாட்டுவார். அப்போதுதான் ஒரு பந்தயம் வந்தது. ஒருவர் தன் கசெற்றை ஐந்து நிமிடம் போட்டு நிறுத்தவேண்டும். மற்றவர் மூன்று சொல்லவேண்டும். ராகம். வாசித்தவர். மூன்றாவது, அடையாளம். அதாவது அந்தப் பதிவில் இனிமேல் வரப்போகிற, கசெற் மட்டையில் எழுதாத ஒரு சங்கதி. ஜெனறேற்றர் நிற்பது, கடலைக்காரன் கூவுவது, மழை பிடிப்பது. மூன்றும் சரியென்றால் கசெற் சொன்னவருக்கு.

இந்த விதியை உண்டாக்கியவன் நானேதான். என் எட்டையும் உலகத்தில் வேறொருவரும் கேட்டிருக்க முடியாது என்ற துணிவு.

ஆறு சனிக்கிழமையில் ஆறு போய்விட்டது. நானா போடுகிற றேடியோக் கசெற்றுகளுக்கு நான் சொல்லும் பதில்கள் முக்கால் மணித்தியாலம் நீளும். ஆழமான பதில்கள். சரியான பதிலாக இருந்ததில்லை.

ஏழாவது சனிக்கிழமை சண்முகப்பிரியா கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் போட்டேன். நானா கண்ணை மூடினார்.

"சண்முகப்பிரியா."

"சரி."

"செல்லக்கண்டர்."

"அது ஊருக்கே தெரியும். அடையாளம்?"

"இன்னும் கொஞ்சத்தாலை ரெண்டாவது நாயனம் நிக்கும். சீவாளி மாத்துறார். அந்த இடைவெளியிலை ஐஸ்பழக்காரன்ரை மணி மூண்டு தரம் கேக்கும்."

போட்டேன். இரண்டாவது நாயனம் நின்றது. மணி அடித்தது. மூன்று தரம். நாலாம் தரமும் அடித்துவிடாதா என்று காதைக் கிட்டவைத்துக் காத்திருந்தேன். ஐஸ்பழக்காரன் போய்விட்டான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணை," என்று நானா கசெற்றைச் சட்டைப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டார்.

அப்போது நேரம் ஐந்தே கால். அந்தப் பதிவு எடுத்த திருவிழா நடந்தது வடமராட்சியில், எழுபத்துமூன்றில். நானா அன்று முல்லைத்தீவைத் தாண்டியதில்லை. பதிவு என் அலுமாரியைத் தாண்டியதில்லை. அப்படியானால் ஐஸ்பழக்காரன் எப்படித் தண்ணீரூற்றுக்கு வந்தான்? என் வீட்டிலிருந்து யாரோ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்!

வீட்டுக்கு நடந்துவரும்போதே ஆட்களை நினைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பரமலிங்கம்? அவருக்குக் காது மந்தம். தவிலடிக்கே "என்ன சொன்னனீர்?" என்று கேட்கிறவர். மனுசி? அந்த நினைப்புக்கு எனக்கே சிரிப்பு வந்தது. கமலேஸ்வரிக்கு இசைக் காது கிடையாது. இதை நாற்பது வருசமாக, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும், அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போதே சொல்லி வந்திருக்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தை எடுங்கள். ஒரு பற்றறி பவுணை விட அரிது. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ வயரை ரேப் றெக்கோடரில் கொளுவி, ஒருவர் மிதிக்க ஒருவர் கேட்பதுதான் வழி. மிதிப்பது மனுசி. கேட்பது நான். இரண்டும் கஷ்டமான வேலை. கொஞ்சம் விசை கூடினால் தோடி கீச்சிடும். குறைந்தால் எருமை கத்தும். "மெல்ல! மெல்ல! இப்ப ஒருக்கால் கூட்டும்!" என்று நான் கையைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒன்பது வருசம் மிதித்தாள். ஆனால் மிதித்தது கால். இசை போவது காதுக்குள். இரண்டுக்கும் நடுவில் மூன்றரை அடி இருக்கிறது.

படலையைத் திறந்தபடியே விசாரணையைத் தொடங்கினேன்.

"இஞ்சாரும், நான் இல்லாத நேரம் ஆரும் வந்தவையோ?"

"வந்தது."

"ஆர்?"

"ஆடு."

"நான் கேக்கிறது மனிசர்!"

"மனிசர் ஒருத்தர் இப்பதான் வந்து நிக்கிறார். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டா, அவரும் ஆடு மாதிரித்தான் முழிக்கிறார்."

"ஏழாவதும் கைவிட்டுப் போட்டுது."

"அட, சண்முகப்பிரியாவோ?"

என் காது நிமிர்ந்தது. "அதுதான் கொண்டுபோனனான் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை மாட்டுக்குத் தண்ணி வைக்கேக்கை, 'இந்தச் சனிக்கிழமை சண்முகப்பிரியா, பார் என்ன செய்யிறன் எண்டு' எண்டு நீங்கள்தானே அதுக்குச் சொன்னியள்."

சொன்னேன்தான். மாட்டையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது எட்டாவது கசெற். காம்போதி. அதைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புல்லரிக்கும். பதினோராம் நிமிடத்தில் செல்லக்கண்டர் உச்சத்தில் நிற்கிறார். திடீரென்று, யாரும் எதிர்பாராமல், முழு நாதமும் ஒரு கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்குகிறது. ராகத்துக்குள்ளும் இல்லை, ராகத்துக்கு வெளியிலும் இல்லை. பிறகு முக்கி முனகி மறுபடி ஏறி வருகிறது. இந்தப் பூமியில் வேறெந்த வித்துவானும் அதை வாசித்ததில்லை. அதைப் பற்றி ஒரு கொப்பியில் பதினாறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். "செல்லக்கண்டர் இறக்கம்" என்று பெயரும் வைத்தது நானே. அந்தக் கசெற்றும் போனால் நான் வரம்பில் குந்தியிருக்கிற வெறும் கிழவன்.

அன்றே கடும் பாதுகாப்புப் போட்டேன். அலுமாரித் திறப்பை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டினேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. கசெற் சுருளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அலுமாரிக் கதவு இடுக்கில் ஒரு தலைமயிரை ஒட்டினேன். என் தலையின் இன்றைய நிலையில் அது பெரிய தியாகம்.

மூன்று நாளும் போய்ப் பார்த்தேன். மயிர் அப்படியே இருந்தது. புள்ளி அப்படியே இருந்தது. யாருமே தொடவில்லை. என் சந்தேகம் இரண்டு மடங்காகியது. தொடாமலே திருடுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருக்கவேண்டும்!

புதன்கிழமை மத்தியானம் மனுசி குடையை எடுத்தாள்.

"எங்கை போறீர்?"

"மாதர் சங்கம். கிழமையிலை ஒருநாள் போறதுதானே."

"அங்கை என்ன நடக்குது?"

"மாதர் வருவினம்."

"வந்து?"

"சங்கம் நடக்கும்."

நாலரைக்குத் திரும்பி வந்தாள். பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சினேன். ஏலக்காய். கருப்பட்டி. தேங்காய்ப்பால்.

"வட்டிலப்பம் மணக்குது."

"கூட்டத்திலை தந்தவை."

"மாதர் சங்கம் பெருநாள் வட்டிலப்பம் அவிக்குமோ?"

"ஆம்பிளையள் மாட்டை விசாரிச்சுக்கொண்டு திரியேக்கை, பொம்பிளையள் வட்டிலப்பம் அவிச்சா என்ன குறைஞ்சுபோம்?"

நியாயமாகத்தான் பட்டது. அதோடு எனக்கென்று ஒரு துண்டை வாழையிலையில் சுற்றிக்கொண்டும் வந்திருந்தாள். விசாரணையை அந்த இடத்தில் நிறுத்தி அதைச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிய யோசனை வந்தது. இனிப்பு மூளைக்கு நல்லது. ஒற்றரைப் பிடிக்க அலுமாரியைப் பூட்டிப் பயனில்லை. பொய்யைத் திறந்துவிடவேண்டும்! காம்போதியில் ஒரு குழந்தை அழுகிறது என்று வீடு முழுக்கச் சொல்லிவைப்பேன். உண்மையில் அந்தப் பதிவில் குழந்தையும் இல்லை, குஞ்சும் இல்லை. சனிக்கிழமை நானா கண்ணை மூடி, "ஒரு பிள்ளை அழும்" என்று சொல்வார். அத்தோடு பிடிபட்டார்.

வியாழன் காலை மாட்டுக்குச் சொன்னேன். வேலிக்கு மேலால் பரமலிங்கத்துக்குக் கத்திச் சொன்னேன். "ஆர் செத்தது?" என்று கேட்டார். கடைசியாகக் குசினி வாசலில் போய் நின்றேன். மனுசி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும். சனிக்கிழமை காம்போதியைத்தான் கொண்டுபோகப் போறன். அதிலை அஞ்சாறு நிமிசம் கழிய ஒரு குழந்தை அழும், ஞாபகம் இருக்கோ?"

கத்தி நின்றது. என்னை ஒருமுறை பார்த்தாள். மறுபடி மீனைப் பார்த்தாள்.

"ஏன் இல்லை? பாவம், அது நெடுக அழுதது. தாய்க்காரி தூக்கேல்லை."

நான் உண்டாக்கிய குழந்தைக்கு இவள் தாயையும் உண்டாக்கிவிட்டாள்! எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இல்லாத குழந்தையைக் கேட்டேன் என்கிறவளுக்குக் காது இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மனுசியின் பெயரைப் பட்டியலிலிருந்து அன்றைக்கே அடியோடு வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை நானாவின் கடைக்குப் போனேன். ஜும்மா முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றாமல் கயிறு அளந்துகொண்டிருந்தார்.

"நானா, நாளைக்குக் கடைசிப் பந்தயம். காம்போதி. மூண்டையும் சரியாச் சொன்னால் அதுவும் உங்களுக்கு. ஒண்டு பிழைச்சாலும் ஏழும் திரும்பி என்ரை வீட்டுக்கு வரவேணும்."

"ஏழுமோ?"

"ஏழும்."

"ஒரு நிமிசம் இருங்க அண்ணை," என்று கயிற்றை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வீட்டுக்குள் போனார். குசினிப் பக்கம் குசுகுசுத்தது. திரும்பி வந்து, "சரி," என்றார்.

"உள்ளுக்கை என்னத்துக்குப் போனனீங்கள்?"

"தண்ணி குடிக்க."

கடைக்குள் முட்டியில் தண்ணீரும் மூடியில் பேணியும் இருந்தன. அதையும் மனதில் குறித்து வைத்தேன். என்னிடம் இருந்து எதுவும் தப்பாது.

சனிக்கிழமை வந்தது. மீசையைச் சீவிக்கொண்டு போனேன். ஏழு கசெற்றையும் கொண்டுவர உரப்பை ஒன்றும் மடித்து எடுத்துக்கொண்டேன். நானாவின் கார் பற்றறியில் ரேப் ஏற்கெனவே கொளுவியிருந்தது. காம்போதியைப் போட்டேன். ஐந்து நிமிடம். நிறுத்தினேன்.

நானா கண்ணை மூடினார். இந்த முறை நெடுநேரம் மூடியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்க முன்னர் ஒருமுறை நினைத்துப் பார்க்குமே, அப்படி உதடும் அசைந்தது.

"காம்போதி."

"சரி."

"செல்லக்கண்டர்."

"சரி. அடையாளம்? சொல்லுங்கோ! பயப்பிடாமல் சொல்லுங்கோ!"

"இதிலை ஒரு பிள்ளை..."

நான் உரப்பையை விரித்தேன்.

"...ஒரு பிள்ளை அழும் எண்டு ஆரும் சொன்னா நம்பக்கூடாது. இதிலை பிள்ளை இல்லை. அடையாளம் என்னெண்டா, பதினோராவது நிமிசத்திலை சுருதி இறங்கும்."

"அது அடையாளம் இல்லை நானா! அது வித்துவான்ரை நுட்பம்! செல்லக்கண்டர் இறக்கம்! நான் பதினாறு பக்கம்..."

"இல்லை அண்ணை. அது அவர் இறக்கினதில்லை. சைக்கிள் இறக்கினது."

"எந்தச் சைக்கிள்?"

"உங்கட சைக்கிள். மூலக் கசெற் ஆரோ இரவல் தந்தது. திருப்பிக் குடுக்க முதல் நீங்க பிரதி எடுத்தீங்க. பதியிற பெட்டிக்கு எங்கேயோ தேடி நாலு பற்றறி போட்டீங்க. பாடுற பெட்டிக்கு டைனமோ. பதினோராவது நிமிசம் மிதிச்ச ஆளுக்கு முழங்காலிலை பிடிச்சிட்டுது. வேகம் குறைஞ்சிது. சுருதி விழுந்திட்டுது."

"விசர்க் கதை!"

"போட்டுப் பாருங்க. நாயனம் மட்டும் இறங்கினா அது வித்துவான். தவிலும் சேர்ந்து இறங்கினா?"

பதினோராம் நிமிடத்தைப் போட்டோம். நாயனம் இறங்கியது. தவிலும் இறங்கியது. சுருதிக்கு ஊதும் ஒத்தும் இறங்கியது. தூரத்தில் கோயில் மணி ஒன்று அடித்தது. அந்த மணியும், வெண்கல மணி, செல்லக்கண்டரை முன்பின் தெரியாத மணி, எருமை போல இறங்கி அழுதது. இத்தனை வருசம் அந்த மணியை நான் கேட்டதே இல்லை. அந்த இடம் வந்ததும் வழமையாக நான் கதைக்கத் தொடங்கிவிடுவேன்.

காம்போதி நானாவின் பொக்கெற்றுக்குப் போனது. நான் உரப்பையை மடித்தேன்.

வீடு வரும் வழியில் மதகில் குந்தினேன். பிரதி எடுத்த அன்று அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒருவர் நான். நான் ஒற்றன் இல்லை. என்னை நான் நன்றாக விசாரித்துவிட்டேன். அப்படியானால் மற்றவர். முழங்கால்.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மனுசியும் கேட்கவில்லை. ஒரு கிழவன் எட்டாவதையும் இழந்து வெறும் உரப்பையோடு வருகிறான், ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பெண் சோறு போடுகிறாள் என்றால் அவளுக்கு முன்னமே தெரியும் என்றுதானே அர்த்தம்? புதன்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

புதன் மத்தியானம் குடை புறப்பட்டது. ஐம்பது யார் பின்னால் நானும் புறப்பட்டேன். மாதர் சங்கத்துக்கு வலக்கைப் பக்கம் திரும்பவேண்டும். குடை இடக்கைப் பக்கம் திரும்பியது. தண்ணீரூற்று. கச்சு நானாவின் கடை. கடைக்குப் பின்னால் வீடு. குடை மடிந்து உள்ளே போனது.

சுற்றிப் போய், பின்வேலியில் கிடுகு விலகியிருந்த ஒரு பொட்டுக்குள்ளால் கண்ணை வைத்தேன்.

விறாந்தையில் இரண்டு கதிரை. ஒன்றில் என் கமலேஸ்வரி, காலை நீட்டி, முதலாளி போல. மற்றதில் நானாவின் மனுசி உம்மு ஹானி. நடுவில் வட்டிலப்பம். மேசையில் ரேப். ரேப்புக்குப் பக்கத்தில் என் எட்டுக் கசெற்றும் வரிசையாக, தூசி துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. காம்போதி போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. ஒரு கோழி கொக்கரிக்க வெளிக்கிட்டு, அவர்களைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"அக்கா, இந்த இடந்தானே?" என்றார் உம்மு ஹானி, குரலைத் தாழ்த்தி.

"ஓம். இந்தா வருது. இப்ப எனக்குப் பிடிக்கப்போகுது." சுருதி கிணற்றுக்குள் இறங்கியது. "பிடிச்சிட்டுது!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அந்த நேரம் அண்ணை என்ன சொன்னவர்?"

"நான் வலியிலை அழுதுகொண்டு மிதிக்கிறன். 'பாரும், காதில்லாத உம்மையே அழவைச்சிட்டார் செல்லக்கண்டர்' எண்டவர்."

வேலிக்கு வெளியே எனக்கு வியர்த்தது.

"நீங்க சொன்னது சரி அக்கா. சண்முகப்பிரியாவிலை மனுசன் ஓடுறார். இதிலைதான் இருந்து வாசிக்கிறார். ஆனா எனக்கு எங்கட றேடியோக் கசெற்றிலை இருக்கிற வயலின் காம்போதிதான் இன்னும் ஒரு பிடி கூட."

"அது வேறை, ஹானி. அது அறைக்குள்ளை வாசிச்சது, பக்கத்திலை இருக்கிறவைக்கு. இது வீதியிலை நிண்டு வாசிச்சது. பஞ்சமத்தை எறிஞ்சுபோட்டு, அது வீதியைச் சுத்தித் திரும்பி வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறார். கேட்டுப் பாரும், அந்த இடத்திலை மூச்சு எடுக்கிறேல்லை. காத்துக்கொண்டு நிக்கிறார்."

நாற்பது வருசம் செல்லக்கண்டரைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். பதினாறு பக்கம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வசனம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதை முதலில் மனப்பாடம் செய்தேன்.

"அண்ணை."

திடுக்கிட்டுத் திரும்பினேன். எனக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, ஒரு தென்னங்குத்தியில் கச்சு நானா இருந்தார்.

"நானா! உங்கடை வீட்டுக்கு நீங்கள் ஏன் வெளியிலை?"

"புதன்கிழமையிலை நான் இஞ்சதான்." குரலை இன்னும் தாழ்த்தினார். "எனக்குக் கேக்கத் தெரியும் அண்ணை. சொல்லத் தெரியாது. கமலேஸ்வரி அக்கா ஹானிக்குச் சொல்லுவா. ஹானி எனக்குச் சோறு போடேக்கை சொல்லித் தருவா. சனிக்கிழமை வந்து உங்களுக்கு ஒப்புவிப்பன். இந்த முறை வெள்ளிக்கிழமையும் அக்கா வந்ததாலை, பிள்ளையைப் பற்றியும் சொல்லித் தந்தவ. அந்த வசனம்தான் பாடமாக்கக் கஷ்டமாப் போச்சு."

"வெளியிலை ஆர் கதைக்கிறது?" மனுசியின் குரல்.

"ஆடு," என்றார் நானா.

"செருப்புப் போட்ட ஆடோ? கிடுகுக்குக் கீழாலை தெரியுது."

ஒளிந்து பயனில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படலையால் உள்ளே போனேன். ஒற்றரைப் பிடித்தவன் நான். பயப்படவேண்டியது அவள்.

"ஆகவே நீர்தான்!"

"ஓம்," என்றாள். "இருங்கோ. வட்டிலப்பம் திண்டியளோ?"

"என்ரை எட்டுக் கசெற்றையும் இவையளுக்குக் களவாக் குடுத்திருக்கிறீர்!"

"களவோ? நீங்கள்தானே உங்கடை கையாலை கொண்டுவந்து குடுத்தனீங்கள். நான் கிழமைக்கு ஒரு வசனம் சொன்னனான். அவ்வளவுதான்."

"கேக்க விருப்பமெண்டா என்னைக் கேட்டிருக்கலாமே! வீட்டிலை இருந்து என்னோடை கேட்டிருக்கலாமே!"

"உங்களோடையோ?" கதிரையை விட்டு எழும்பினாள். "நாப்பது வருசத்திலை உங்களோடை இருந்து ஒரு ராகத்தையாவது நான் முழுசாக் கேட்டிருப்பனோ? ஆலாபனை தொடங்க நீங்கள் தொடங்குவியள். தனி ஆவர்த்தனத்திலை தவில்காரனுக்கு மேலாலை போவியள். மங்களம் முடிஞ்ச பிறகும் அரை மணித்தியாலம் நிக்கமாட்டியள். சைக்கிள் மிதிச்ச நேரம் பறுவாயில்லை, சங்கிலிச் சத்தத்திலை உங்கடை குரல் கொஞ்சம் அமுங்கும். பற்றறி வந்த பிறகு அந்த நிம்மதியும் போட்டுது. கசெற் அலுமாரிக்குள்ளை, அலுமாரித் திறப்பு உங்கடை மடியிலை. நான் என்ன செய்ய? கசெற்றுகளை நீங்கள் இல்லாத ஒரு வீட்டுக்கு அனுப்பினன்."

உம்மு ஹானி மெல்ல ஒரு கிண்ணத்தை என் கையில் வைத்தார். "சாப்பிடுங்க அண்ணை. கோபிக்காதீங்க."

கோபிக்க வாய் வேண்டும். வாயில் வட்டிலப்பம் இருந்தது.

"அப்ப நான் இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன். எனக்கே புதிதான ஒரு சின்னக் குரல். "எனக்கும் செல்லக்கண்டர் வேணுமே."

மனுசியின் முகம் இளகியது போலத்தான் இருந்தது. உம்மு ஹானியைப் பார்த்தாள். இருவரும் கண்ணால் ஏதோ பேசி முடித்தார்கள்.

"சரி. புதன்கிழமையிலை வாங்கோ. ஆனால் விறாந்தையிலை இல்லை. நானாவோடை வேலிக்கு அங்காலை இருந்து கேளுங்கோ. ஒரு வார்த்தை கதைக்கக்கூடாது. கசெற்றிலை ஒரு பக்கம் முழுக்கக் கதைக்காமல் இருந்தியள் எண்டா, அடுத்த கிழமை உள்ளை கதிரை போடுவம்."

அரை மணித்தியாலம்! அரை மணித்தியாலம் வாய் மூடியிருக்க என்னால் முடியாதா? ஐந்து இடப்பெயர்வு தாண்டியவன் நான். வெளியே போய் நானாவுக்குப் பக்கத்தில் தென்னங்குத்தியில் இருந்தேன். உள்ளே கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி முதலில் இருந்து போட்டார்கள்.

காம்போதி தொடங்கியது. ஒரு நிமிடம். நான் கதைக்கவில்லை. இரண்டு நிமிடம். நானா என்னை மரியாதையோடு பார்த்தார். மூன்று நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலு. கை தானாக எழும்பியது. மற்றக் கையால் அதைப் பிடித்து வேட்டியில் சொருகினேன். ஐந்தாம் நிமிடத்தில் செல்லக்கண்டர் பஞ்சமத்தைத் தொட்டார். உண்மைதான். மூச்சு எடுக்கவில்லை. காத்துக்கொண்டு நிற்கிறார். நாற்பது வருசத்தில் முதல்முறையாக நானும் அதைக் கேட்டேன். கேட்டதும் நெஞ்சு நிறைந்து, கண் கலங்கி, நானாவின் காதுக்கு மிக மிகக் கிட்டப் போய், ஒரு ஈ கூடக் கேட்க முடியாத அளவுக்குத்தான் சொன்னேன்:

"நானா, இது என்ரை சொந்த அபிப்பிராயம். இந்தப் பஞ்சமத்தை எறிஞ்சுபோட்டு, அது வீதியைச் சுத்தித் திரும்பி வருமட்டும்..."

உள்ளே ரேப் 'டக்' என்று நின்றது.

"நானா," என்றாள் என் மனுசி, மிக மரியாதையாக, "பக்கத்திலை இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் குளக்கட்டடிக்குப் போய் இருங்கோ, செல்லக்கண்டர் வாசிக்கிறது எங்களுக்குக் கேக்கேல்லை."